ரெண்டே முக்கால் அடி மேடை

என் வீட்டுக்காரி பள்ளிக்கூடத்தில் சோறாக்குகிறாள். சத்துணவு. ரெட்டியார்சத்திரத்தில் இருந்து உள்ளே போகிற ரோட்டில் சிஸ்டர்மார் நடத்துகிற பள்ளிக்கூடம். பதினெட்டு வருசமாக அங்கேதான். நான் கொத்தனார். அங்கே புதுச் சமையல்கூடம் கட்டினது நான்தான். நடந்ததை எழுதுகிறேன்.

சிஸ்டர்மாருக்கு எங்கள் பக்கம் மூன்று பள்ளிக்கூடம். ஒன்று இது. இன்னொன்று எரியோடு பக்கம். மற்றது குஜிலியம்பாறை போகிற வழியில், மானாவாரிக் காட்டுக்கு நடுவில். பள்ளிக்கூடம் அவர்களுடையது. பிள்ளைகள் சாப்பாடு அரசாங்கத்துடையது. சமையல்கூடம் மூன்றும் பழசு. எங்கள் ஊரில் இருந்தது சிமெண்ட் அட்டை போட்ட கொட்டகை. மழை பெய்தால் அண்டாவுக்கு மேலே ஒருத்தர் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சிஸ்டர்மார் எழுதி எழுதிப் போட்டு, ஒருவழியாக அரசாங்கம் மூன்றுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கியது. மூன்றுக்கும் ஒரே பிளான். ஒரே கதவு, ஒரே ஜன்னல், ஒரே அடுப்பு மேடை. காண்ட்ராக்டர் ஒருத்தர் எடுத்தார். நான் அவரிடம் மேஸ்திரி.

முதலில் எங்கள் ஊரில் ஆரம்பித்தோம்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. ஆனாலும் இந்தச் சிஸ்டர்மாருக்கு நிறைய வேலை பார்த்திருக்கிறேன். வாசல் நிலை வைக்கிறபோது தலைமையாசிரியை சிஸ்டர் ஜெபம் பண்ணுவார். முடிந்ததும் நான் நிலைக்கு அடியில் நவதானியம் போடுவேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அவர் ஜெபம் பண்ணுகிறபோது நான் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துவிடுவேன். இதைப்பற்றி ரெண்டு பேரும் ஒரு நாளும் பேசினதில்லை.

சுவர் எல்லாம் ஆட்கள் கட்டினார்கள். மேடையை மட்டும் நான் கட்டினேன். அவள் நிற்கப்போகிற இடம். பிளானில் ரெண்டே முக்கால் அடி என்று போட்டிருந்தது. வீடுகளுக்கும் அதுதான் கணக்கு. எத்தனையோ வீட்டுக்குக் கட்டியிருக்கிறேன். டேப்பைப் பார்க்காமலே கை அந்த உயரத்தில் நிற்கும். மேலே கடப்பாக்கல் போட்டேன். கல்லின் முன்விளிம்பு கூராக இருந்தது. அவள் வயிற்றில் இடிக்கும் என்று அரை நாள் உட்கார்ந்து தேய்த்து உருட்டிவிட்டேன். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழ் நடுவில் நின்றது.

அன்றைக்கு மதியம் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். மேடைக்கு முன்னால் வந்து நின்றாள். கல்லின் மேல் கையை வைத்தாள். எங்கள் ஆட்கள் எட்டுப் பேரும் சுற்றி நின்றார்கள்.

"எப்புடி இருக்கு?" என்று கேட்டேன்.

"வழுவழுன்னு இருக்கு," என்றாள். தூக்குச்சட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

திறப்பு விழாவுக்குப் பெரிய ஆட்கள் வந்தார்கள். ரிப்பன் வெட்டினார்கள். கல்வெட்டுக்கு மேல் இருந்த துணியை இழுத்தார்கள். புது அடுப்பில் முதலில் இனிப்புத்தான் வைக்க வேண்டும் என்று அவள் சின்ன வெண்கலப் பானையில் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். எல்லாரும் ஃபோட்டோ எடுத்தார்கள். அந்த ஃபோட்டோ ஒன்று எங்கள் வீட்டில் மாட்டியிருக்கிறது. அந்தச் சின்னப் பானைக்கே அவள் கையைத் தோள் வரைக்கும் தூக்கிக் கிண்டுகிறாள். ஃபோட்டோவைப் பார்த்தால் தெரியும். அன்றைக்கு நான் பானையைத்தான் பார்த்தேன்.

மறுநாள் பெரிய அண்டாவை ஏற்றியிருக்கிறார்கள். நான் அன்றைக்கு அங்கே இல்லை. வேறு ஊரில் வேலை.

ஆறேழு மாதம் போனது. ஒரு நாள் காலையில் இட்லி வைத்துக்கொண்டே சொன்னாள்.

"முழுப்பரீட்சை லீவோட வேலைய விட்டுறலாம்னு பாக்குறேன்."

"ஏன்?"

"முடியல."

"என்ன முடியல?"

"வயசாகுதுல்ல," என்றாள். சட்னியை ஊற்றினாள்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. பிள்ளைகள் ரெண்டு பேரும் திருப்பூரில் இருக்கிறார்கள். வீட்டில் நாங்கள் ரெண்டு பேர். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி ஆனால் இவளுக்கு இருப்புக் கொள்ளாது. ரெண்டு பேருக்கு ஆக்க வேண்டிய சோற்றைப் பத்துப் பேருக்கு ஆக்கிவிட்டு, தெருவில் யார் வருகிறார் என்று பார்ப்பாள். பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளை முட்டை சாப்பிடாது, எது பக்கத்துப் பிள்ளை தட்டில் இருந்து எடுக்கும், எந்தப் பிள்ளை திங்கட்கிழமை மட்டும் மூன்று தடவை கேட்கும், எல்லாம் அவளுக்குத் தெரியும். திங்கட்கிழமை மூன்று தடவை கேட்கிற பிள்ளைக்குக் கேட்காமலே வைப்பாள். அப்படிப்பட்டவள் வேலையை விடுகிறேன் என்கிறாள்.

அன்றைக்குத்தான் கையைப் பார்த்தேன். ரெண்டு முழங்கைக்குக் கீழேயும், உள்பக்கம், சுட்ட தழும்பு. ஒன்றின் மேல் ஒன்றாகப் பழசும் புதுசும். ரெண்டு கையிலும் ஒரே இடத்தில். தெறித்துச் சுட்டால் அங்கங்கே இருக்கும். இது கோடு போட்ட மாதிரி இருந்தது.

"கையில என்ன?"

"கஞ்சி பட்டுருச்சு."

நான் மேலே கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பத்து நாள் கழித்து சிஸ்டர் ஆள் விட்டார். சமையல்கூடத்துக் கதவில் தாழ்ப்பாள் சரியாக விழவில்லையாம். பன்னிரண்டு மணிக்குச் சுத்தியலும் திருப்புளியும் எடுத்துக்கொண்டு போனேன். கதவு திறந்திருந்தது.

மேடைக்கு முன்னால் சிமெண்ட் பிளாக் கல்லை ஒன்றின் மேல் ஒன்றாக ரெண்டு வைத்திருந்தார்கள். அதே மாதிரி பக்கத்தில் இன்னொரு ரெண்டு. அதில் ஒரு கால், இதில் ஒரு கால். என் வீட்டுக்காரி அதன் மேல் நின்று சாம்பார் சாதம் கிண்டிக்கொண்டிருந்தாள். மேடைக்கு மேல் அடுப்பு. அடுப்புக்கு மேல் அண்டா. கல்லின் மேல் ஏறி நின்றும் துடுப்பை அடிவரைக்கும் விட ரெண்டு கையையும் அண்டா விளிம்புக்கு மேலாகத் தூக்கி உள்ளே இறக்க வேண்டியிருந்தது. இறக்குகிறபோது விளிம்பு முழங்கைக்குக் கீழே பட்டது. அவள் கையை எடுக்கவில்லை. பழகிப்போயிருந்தாள்.

அவளுக்குக் கூடமாட வேலை பார்க்கிற உதவியாளர் பெண் ஒருத்தி. அவள் பின்னால் நின்று என் வீட்டுக்காரியின் இடுப்புச் சேலையை ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். என்னை முதலில் பார்த்தது அவள்தான்.

"அண்ணே, பேசிறாதீக," என்று மெல்லச் சொன்னாள். "பேசுனா அக்கா திரும்பும். திரும்புனா கல்லு ஆடும்."

கதவோரம் நின்றேன். சாதம் கிண்டி முடிகிறவரைக்கும் நின்றேன். முப்பது வருசமாகச் சாரத்தில் ஏறி வேலை பார்க்கிறேன். அந்தக் கல்லில் நானே ஏறமாட்டேன்.

அடுப்பை அணைத்துவிட்டு அவள் ஒவ்வொரு காலாக இறங்கினாள். திரும்பினாள். என்னைப் பார்த்தாள்.

"தாப்பாளா?" என்றாள்.

"ஆமா."

உதவியாளர் பெண் சும்மா இருக்கவில்லை. "அடுத்த ஊருலயும் நீங்கதான் கட்டப்போறீகளாம்லண்ணே. அங்கன ஏணியையும் சேத்துக் கட்டிருங்க. பாவம், அவுகளுக்கும் ஒரு அக்கா இருக்கும்."

"ஏய், வாயப் பொத்திக்கிட்டு முட்டைய உரி," என்றாள் என் வீட்டுக்காரி.

தாழ்ப்பாளைச் சரி பண்ணினேன். போகிறபோது அந்த மேடையைப் பார்த்தேன். நல்ல மேடை. குற்றம் சொல்ல முடியாது. வெறும் மேடையாக இருந்தவரைக்கும் சரி. அதன் மேல் அடுப்பு வரும், அடுப்பு மேல் அண்டா வரும், முன்னால் இவள் வருவாள் என்று கூட்டிப் பார்க்கவில்லை. வீட்டில் வைக்கிறது ரெண்டு படிச் சட்டி. இங்கே வைக்கிறது பிள்ளை உள்ளே உட்காரலாம், அம்புட்டுப் பெரிய அண்டா. பழைய கொட்டகையில் அடுப்பு தரையில் இருந்தது. குனிந்து கிண்டினாள். இடுப்பு வலித்தது. சுடவில்லை.

சாயங்காலம் வீட்டில் கேட்டேன்.

"ஏன் சொல்லல?"

"என்னத்த?"

"மேடைய."

கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கட்டுன அன்னிக்கே தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சு."

"அப்பவே சொல்லியிருந்தா கல்லைத் தூக்கியிருப்பேன்ல. ஈரம்கூடக் காயல."

"எட்டு ஆளு நின்னாங்க," என்றாள். "நீங்க அந்தக் கல்லைத் தடவிக்கிட்டே நின்னீங்க. என்னத்தச் சொல்லச் சொல்றீங்க?"

நானும் ஒரு கொத்துக் கீரையை எடுத்து ஆய்ந்தேன்.

"இதுக்குத்தான் வேலைய விடுறியா?"

"போன வாரம் ஒரு தடவை கல்லு சாஞ்சிருச்சு. அந்தப் புள்ள பிடிச்சிருக்காட்டி அண்டாவோட வந்திருப்பேன். சுத்தி நாலஞ்சு சின்னப்பிள்ளைக தட்டோட நின்னுச்சுக." கீரைக்கட்டை ஒதுக்கி வைத்தாள். "எனக்குப் பட்டா பரவாயில்ல. லெட்டர் எழுதிச் சிஸ்டருட்டக் குடுத்துட்டேன்."

"மேடைய ஒடைச்சுருவோம்."

"வேணாம். மேஸ்திரி கட்டுனத மேஸ்திரியே ஒடைச்சாருன்னு பேசுவாங்க."

"பேசட்டும்."

மறுநாள் சிஸ்டரைப் பார்க்கப் போனேன். மூன்று பள்ளிக்கூடத்துக் கட்டட வேலையையும் அவர்தான் பார்த்தார். விசயத்தைச் சொன்னேன்.

"எப்படிம்மா இருக்குன்னு வாரா வாரம் கேட்டேன் மேஸ்திரி. நல்லா இருக்கு சிஸ்டர்னுதான் சொன்னாங்க."

"சொல்லமாட்டா சிஸ்டர்."

"இது அரசாங்கக் கட்டடம். நாமளா ஒரு செங்கலை உருவ முடியாது. எழுதிக் கேக்குறேன். அதுவரைக்கும் அவங்க அந்தக் கல்லு மேல ஏற வேண்டாம். பழைய கொட்டகையில தரையில வச்சு ஆக்கச் சொல்லுங்க."

புதுக் கட்டடத்தைப் பூட்டி வைத்துவிட்டு ஒழுகுகிற கொட்டகையில் சமைத்தார்கள். பதில் வரவில்லை. பங்குனி போய்ச் சித்திரை வந்தது. லெட்டரில் அவள் சொல்லியிருந்த நாளும் நெருங்கியது.

எரியோடு பள்ளிக்கூடத்தில் வேலை ஆரம்பித்தோம். அஸ்திவாரத்துக்குக் கோடு போடுகிற அன்றைக்கு அரசாங்க ஓவர்சீயர் வந்தார். சின்ன வயசு. பைக்கில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே டேப்பை நீட்டினார். எங்கள் ஊர் மேடையை அளந்து புத்தகத்தில் எழுதினதும் அவர்தான். கோடு போட்டு முடிந்ததும் பக்கத்தில் போனேன்.

"சார், மேடை ஒசரம் சரியில்ல."

"பிளான்ல என்ன இருக்கோ அதானே மேஸ்திரி கட்டியிருக்கீங்க."

"ஆமா சார். நான் கட்டுனதும் தப்புத்தான்."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். கல் மேல் ஏறி நின்றது, சேலையைப் பிடித்தது, கல் சாய்ந்தது, எல்லாம் சொன்னேன். என் வீட்டுக்காரி என்று சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

"சிஸ்டர் எழுதுன லெட்டரப் பாத்தேன்," என்றார். "அதுக்கு மேல இருந்து பதில் வர்றதுக்குள்ள மழைக்காலம் வந்துரும். இங்கயும் அடுத்த ஊர்லயும் இன்னும் கட்டல. மேடையக் குறைச்சுக் கட்டுங்க, நான் எழுதிக்கிறேன். உங்க ஊர்ல நான் பாத்தப்போ மேடை பிளான்படி இருந்துச்சு, அளந்துட்டேன். அதுக்குப் பெறகு ஸ்கூல்ல ரிப்பேர் பாக்குறாங்கன்னா அது அவங்க பாடு. சிஸ்டர்கிட்ட நானே பேசுறேன்."

"சரிங்க சார்."

"எம்புட்டுக் குறைக்கணும்?"

அவள் நிற்கிற உயரத்தை நான் அளந்து பார்த்ததில்லை.

"தெரியல சார்."

"என்ன மேஸ்திரி, தெரியாம எதக் குறைக்கப்போறீங்க?"

"கேட்டுட்டு வாரேன்," என்றேன்.

லீவு விட்ட மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சிஸ்டர் சாவி கொடுத்தார். மேடைக்கு எதிர்ப்பக்கம் தரையில் செங்கலைச் சாந்து இல்லாமல் சும்மா அடுக்கினேன். நாலு வரி உயரம். அதன் மேல் அடுப்பை வைத்தேன். அண்டாவை ஏற்றிப் பாதிக்குத் தண்ணீர் ஊற்றினேன். துடுப்பை அவள் கையில் கொடுத்தேன்.

"கிண்டு."

"வெறும் தண்ணியவா?"

"சும்மா கிண்டு."

கிண்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முழங்கையைப் பார்த்தேன்.

"எப்புடி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"நல்லாத்தான் இருக்குன்னு சொல்லாத. எங்க இடிக்குதுன்னு சொல்லு."

அவள் துடுப்பை நிறுத்தினாள்.

"தோளு தூக்குது. செத்தத் தாழ்த்துங்க."

தண்ணீரை இறைத்து, அண்டாவை இறக்கி, ஒரு வரி எடுத்தேன். மறுபடி ஏற்றினேன். மறுபடி தண்ணீர். மூன்று வரியில் தோள் இறங்கியது. கை விளிம்பைத் தொடவில்லை. சந்தேகத்துக்கு இன்னொரு வரியும் எடுத்துப் பார்த்தேன்.

"இப்ப குனியணும். இடுப்பு புடிக்கும்," என்றாள். இப்போது தயங்காமல் சொன்னாள். "முந்துனதுதான் சரி. அப்புறம், அடுப்பு சுவத்துப் பக்கம் ஒரு சாணு தள்ளிப் போகணும். எனக்கு முன்னால கரண்டி வைக்க எடம் வேணும். அந்த மூலையில தண்ணிக்கொழா வேணாம், சேலையில தெறிக்கும்."

"இன்னும்?"

"இன்னும் யோசிச்சுச் சொல்றேன்." சிரித்தாள். "கல்யாணத்துக்குச் சட்டை தைக்கக்கூட என்னைய இப்புடி யாரும் அளக்கல. அளவு சட்டைதான் குடுத்தாங்க, அதுவும் எங்க அக்காளோடது."

பழைய மேடையை உடைக்க ரெண்டு நாள் ஆனது. நான் கட்டினது. லேசில் வரவில்லை. ஆள் வைக்காமல் நானே உடைத்தேன். எங்கள் ஆட்களில் ஒருத்தன் அந்தப் பக்கம் வந்தவன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "என்ன மேஸ்திரி, சொந்த வேலையவே கொத்துறீரு?" என்றான்.

"ஆமா," என்றேன்.

அவள் வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தாள். "மெதுவா அடிங்க. சுவரு விரிஞ்சிரப்போகுது," என்று அங்கிருந்தே சொன்னாள். கடப்பாக்கல் உடையாமல் வந்தது. மூன்று வரிக்குப் புது மேடை கட்டி அதையே மேலே போட்டேன்.

அந்த லீவிலேயே மற்ற ரெண்டு ஊருக்கும் அவளை வண்டியில் வைத்துக் கூட்டிப்போனேன். அங்கே சமைக்கிற பெண்களிடம் நான் கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். இவள் கேட்டால் உள்ளதைச் சொல்வார்கள். எரியோட்டில் சமைக்கிறவள் என் வீட்டுக்காரியின் உயரந்தான். மூன்று வரி. குஜிலியம்பாறை பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவள் ஆம்பளை உயரம். வாசலில் குனிந்து வந்தாள். அவளை நிற்க வைத்து அடுக்கிப் பார்த்தோம். ஐந்து வரி வந்தது.

"பொண்ணு பாக்க வந்தவுகதான் இதுக்கு முன்னாடி என் ஒசரத்தக் கேட்டாக," என்றாள் அவள். "கேட்டுட்டுக் காப்பியக் குடிச்சுட்டுப் போயிட்டாக."

"நாங்க போகமாட்டோம். கட்டிட்டுத்தான் போவோம்," என்றாள் என் வீட்டுக்காரி.

திரும்பி வருகிறபோது வெயில் காந்தியது. சோளக்காடு எல்லாம் அறுப்பு முடிந்து அடித்தட்டை மட்டும் நின்றது. அவள் சேலை முந்தானையை என் தலையிலும் சேர்த்துப் போட்டாள். வண்டி ஓட்டுகிறவனுக்குக் கண் தெரிய வேண்டாமா என்றேன். நேராத்தானே போகுது ரோடு என்றாள். வேலையை விடுகிறதைப்பற்றி நான் கேட்கவில்லை. மேடையைத்தான் என்னால் சரி பண்ண முடியும். சுட்ட கையும் சாய்ந்த கல்லும் அவளுக்கு மறக்குமா என்று எனக்குத் தெரியாது.

பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு அவள் எனக்கு முன்னால் கிளம்பிப் போய்விட்டாள். நான் குழாயை மாற்றி வைத்த இடத்தில் கசிகிறதா பார்க்க வேண்டும் என்று பதினொன்றரைக்குப் போனேன். கசியவில்லை. அண்டாவில் சாம்பார் சாதம் கொதித்தது. அவள் தரையில் ரெண்டு காலையும் அகட்டி நின்று கிண்டிக்கொண்டிருந்தாள். உதவியாளர் பெண் தூரத்தில் உட்கார்ந்து முட்டை உரித்தாள்.

"எனக்குத்தாண்ணே வேலை போச்சு," என்றாள். "சேலையப் புடிச்சே ஒரு வருசம் ஓட்டிட்டேன். இனிமே இந்த முட்டைதான்."

சிஸ்டர் வந்தார். புது மேடையைக் குனிந்து பார்த்தார். கல்லைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"மேஸ்திரி, ஒண்ணு யோசிச்சேன். இவங்க உயரத்துக்குக் கட்டிட்டீங்க. லெட்டர் குடுத்திருக்காங்களே, நான்தான் இன்னும் மேல அனுப்பல. அடுத்து வர்றவங்க உயரமா இருந்தா என்ன பண்றது?"

"வந்து ரெண்டு வரி ஏத்திக் குடுக்குறேன் சிஸ்டர்."

நான் அவளைப் பார்க்கவில்லை. குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

துடுப்பு அண்டாவின் அடியில் உரசுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

"யாரு வரப்போறா," என்றாள் என் வீட்டுக்காரி. "அந்த லெட்டரக் கிழிச்சுப் போட்டுருங்க சிஸ்டர். இந்தா, உப்புப் பாருங்க."

துடுப்பு நுனியில் கொஞ்சம் எடுத்து நீட்டினாள். சிஸ்டர் உள்ளங்கையை நீட்டி வாங்கி, சூடு தாங்காமல் கை மாற்றிக் கை மாற்றி ஊதினார்.

"சரியா இருக்கு," என்றார்.

"கொஞ்சம் கம்மி," என்றாள் அவள். உப்பு அள்ளிப் போட்டாள்.